ஜாம் பாட்டிலில் பனி: சென்னைக் குடியிருப்பு ஒன்றில் நடந்த ஸ்னோ குளோப் பட்டறை – ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகளோடு வீட்டில் ஸ்னோ குளோப் (குலுக்கினால் உள்ளே பனி விழுவதுபோல் தெரியும் கண்ணாடி உருண்டை) செய்வதற்கான குறிப்புகள் எங்கே பார்த்தாலும் நாலு வரிதான். பாட்டிலைக் கழுவுங்கள், மூடியின் உள்பக்கம் பொம்மையை ஒட்டுங்கள், தண்ணீரில் கிளிசரினும் ஜிகினாவும் கலந்து ஊற்றுங்கள், இறுக்கி மூடுங்கள். செய்து முடித்த அன்று எல்லாப் பாட்டிலும் அழகாகத்தான் இருக்கும், படமும் எடுத்துவிடுவோம். பொங்கலுக்கு அந்தப் பாட்டில் என்ன ஆனது, கத்திரி வெயிலில் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2024 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் இப்படி ஒரு பட்டறை வைத்தோம். அதில் செய்த பாட்டில்களை மே மாதம் வரை விடாமல் பார்த்துவந்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை கலந்திருந்தார்கள். இடம் அசோசியேஷன் ஹால். டேபிள் டென்னிஸ் மேஜை மேல் பழைய பிளக்ஸ் பேனரைத் தலைகீழாக விரித்து அதையே வேலை மேஜை ஆக்கிக்கொண்டோம். அங்கே குழந்தைகளுக்கான புத்தக மூலையைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. பனியை நேரில் பார்த்த குழந்தை அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மணாலி போய் வந்த ஒருத்தி இருந்தாள். அவர்கள் போன மாதத்தில் அங்கே பனி இல்லையாம்.

ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். முதல் நாள் பசையும் கிடையாது, பொம்மையும் கிடையாது, பாட்டிலும் கிடையாது. எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி டம்ளர், தண்ணீர், அதில் போடுவதற்கு வீட்டிலிருந்து ஏதாவது வெள்ளையான பொருள். அவ்வளவுதான். பெற்றோரில் சிலருக்கு இது நேரம் கடத்துவதாகத் தோன்றியது. என் கணிப்பில் இந்தப் பட்டறையில் உருப்படியான பாதி அந்த முதல் நாள்தான். பிந்தைய குளறுபடிகளில் பலவற்றைக் குழந்தைகள் டம்ளரிலேயே பார்த்துவிட்டார்கள்.

டம்ளரில் விழுந்தவையும் விழாதவையும்

பை பையாகக் கொண்டுவந்தார்கள். தெர்மோகோல் மணி, உப்பு, ரவை, ஜவ்வரிசி, தேங்காய்த்துருவல், கோலமாவு, சாக்பீஸ் தூள், முட்டை ஓடு, பால் கவரைப் பொடிப்பொடியாக வெட்டியது, ஜிகினாத் தூள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பென்சில் டப்பாவிலிருந்து வெள்ளை அழிரப்பரை எடுத்து, கேரட் துருவும் துருவியில் தேய்த்துக் கொண்டுவந்திருந்தான். வீட்டில் கேட்டிருந்தால் துருவி கிடைத்திருக்காது என்பதால் கேட்கவில்லையாம்.

தெர்மோகோல்தான் எல்லோரும் முதலில் நம்பியது. பார்க்க அச்சு அசல் பனி. ஆனால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. எவ்வளவு குலுக்கினாலும் மேலே வந்து மிதந்து நிற்கும். பால் கவரும் அதே கதிதான். அந்த வகைப் பாலித்தீன் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. உப்பு கரைந்தது. அதைக் கொண்டுவந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை, "என் பனி எங்க ஆன்ட்டி?" என்று டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். தேங்காய்த்துருவலில் பாதி மிதந்தது, பாதி அமிழ்ந்தது, மேலே எண்ணெய்ப் படலம் கட்டியது. கோலமாவு கல்லாக நேரே அடியில் போய் உட்கார்ந்தது. அதிலிருந்த மிக நுண்ணிய தூள் மட்டும் தண்ணீரைப் பாலாக்கிவிட்டு மணிக்கணக்கில் தெளியவே இல்லை.

முட்டை ஓடு நன்றாகவே வேலை செய்தது. பழைய காலத்து வீட்டு முறைகளில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை முழுவதும் உரித்து, கொதிக்கவைத்து, காயவைத்துப் பிறகுதான் பொடிக்க வேண்டும். தோல் இருந்தால் பாட்டிலுக்குள் அழுகும். ஓடு சுண்ணாம்புச் சத்து என்பதால் எடை அதிகம், சட்டென்று கீழே வந்துவிடும். பனி என்பதைவிட ஆலங்கட்டி மழை என்று சொல்லலாம்.

ஜிகினாவில் ஒரு வேடிக்கை நடந்தது. அது தண்ணீரைவிடக் கனமான பாலியஸ்டர் படலம், அமிழ வேண்டும். ஆனால் டம்ளரில் போட்டதும் மேற்பரப்பில் தகடு போட்டதுபோல் பரவி நின்றது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊசி முனையை நனைத்து நடுவில் தொட்டதும், ஜிகினா விருட்டென்று ஓரத்துக்கு ஓடியது. அடுத்த கணம் கூட்டம் கூட்டமாக உள்ளே விழத் தொடங்கியது. அந்த ஒரு தொடுதலை ஒவ்வொருவரும் தன் டம்ளரில் தானே செய்ய வேண்டும் என்று அடம்பிடித்ததில் அரை மணி நேரம் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பையன் அந்தத் திரவத்துக்குப் பதில் குளியல் சோப்பைச் சுரண்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டான். எங்கள் பக்கத்துத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு திரிதிரியாகத் திரிந்து சாம்பல் நிறத்தில் மிதந்தது.

ஆச்சரியம் அழிரப்பர்தான். வெள்ளை அழிரப்பர்களில் பெரும்பாலானவை பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. தண்ணீரைவிடக் கனம், ஆனால் மிக அதிகமில்லை. துருவலாக இருந்ததால் ஒவ்வொரு துணுக்கும் வளைந்து நெளிந்து திரும்பித் திரும்பி விழுந்தது. ஒரு சொட்டுத் திரவம் விட்டதும் அந்த டம்ளரைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். அன்று மாலை எத்தனை வீட்டில் அழிரப்பர் காணாமல் போனது என்பது பிறகு வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தது.

ரவையும் வியன்னாவும்

ரவை கொண்டுவந்தவள் மூன்றாம் வகுப்பு. உப்புமாவுக்கு வைத்திருந்ததில் ஒரு கை அள்ளி வந்திருந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்காகத்தான் அன்று எர்வின் பெர்ஸியின் கதையைச் சொன்னேன்.

வியன்னாவில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த தொழிலாளி அவர். அப்போதைய மின்விளக்கின் வெளிச்சம் மங்கல், அறுவை மேஜைக்குப் போதவில்லை. அந்தக் காலத்துச் செருப்புத் தைப்பவர்கள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டு ஒன்றை விளக்குக்கு முன்னால் வைத்து வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவித்துக்கொள்வார்கள். அதே உபாயத்தைப் பெர்ஸியும் முயன்றார். வெளிச்சம் பரவட்டும் என்று தண்ணீரில் கண்ணாடித் துகளைக் கலந்தார். அது உடனே அடியில் தங்கிவிட்டது. அடுத்து எடுத்தது ரவை. நனைந்த ரவை மெல்ல மெல்ல இறங்கியதைப் பார்த்தவருக்கு விளக்கு மறந்து, பனி ஞாபகம் வந்திருக்கிறது. 1900இல் மரியாட்ஸெல் மாதா கோயிலின் சிறு உருவத்தை உள்ளே வைத்து அவர் செய்ததிலிருந்து அந்தக் குடும்பத்தின் தொழில் தொடங்குகிறது. ஹெர்னால்ஸ் பகுதியில் அவர்களின் பட்டறை இன்றும் இருக்கிறது. இப்போது அவர்கள் போடும் பனி எதனால் ஆனது என்பது குடும்ப ரகசியம்.

உலகத்தின் முதல் ஸ்னோ குளோப் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே, குடை பிடித்த மனிதன் உள்ளே நிற்க, கவிழ்த்தால் வெள்ளைத் தூள் விழும் கண்ணாடி உருண்டைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் குழந்தைகளுக்கு ரவைதான் பிடித்தது. சிரித்தவர்களே வீட்டுக்குப் போய் ரவை எடுத்து வந்தார்கள்.

ரவையின் குறையையும் அதே டம்ளர் காட்டிவிட்டது. மறுநாள் காலை ஹாலைத் திறந்தபோது ரவை ஊதிக் கஞ்சியாகத் தொடங்கியிருந்தது. மூன்றாம் நாள் புளித்த வாடை. இட்லி மாவுக்கு நாம் வேண்டி வரவழைக்கும் அதே வேலையை நுண்ணுயிர்கள் இங்கே கேட்காமலே செய்துவிட்டன. அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு டம்ளரைக் கழுவிவிட்டு, அழிரப்பருக்கு மாறிக்கொண்டாள்.

எவ்வளவு கிளிசரின்

கிளிசரின் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும்: பனி மெதுவாக விழ. எவ்வளவு என்பதில்தான் குழப்பம். 'சில துளிகள்' என்று எழுதியிருப்பார்கள். சில துளிகளால் ஒன்றும் ஆகாது. சுத்தக் கிளிசரின் தண்ணீரைவிடச் சுமார் 1,400 மடங்கு பிசுபிசுப்பானது. ஆனால் தண்ணீர் சேரச்சேர அந்தக் குணம் படுவேகமாகச் சரிந்துவிடும். எடைக்கு எடை பாதிப் பாதி கலந்தால் தண்ணீரைப்போல் ஆறு மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு கிளிசரின் என்றால் இரண்டு மடங்கைக்கூடத் தொடாது.

மருந்துக் கடையில் கிடைக்கும் சின்னப் பாட்டில்களை வைத்து 300 மி.லி. ஜாம் பாட்டிலைப் பாதி நிரப்ப வேண்டும் என்றால், பத்துப் பன்னிரண்டு பேருக்குச் செலவு எங்கேயோ போய்விடும். கால் பங்கு என்று முடிவுசெய்தோம். மீதி வேகத்தைப் பனியின் அளவை வைத்துக் குறைத்துக்கொண்டோம். ஒரே பொருளில், துகளின் விட்டம் பாதியானால் விழும் வேகம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் எழுதிய விதி இது. மிகச் சிறு துகள்களுக்குத்தான் அப்படியே பொருந்தும் என்றாலும், துருவல் அளவுக்கும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். பெரிய கண் துருவியை விட்டுவிட்டுச் சின்னக் கண்ணில் துருவியதும் வித்தியாசம் கண்ணால் தெரிந்தது. கிளிசரினில் மிச்சப்பட்ட பணம் எமரி ஷீட்டுக்கும் டேப்புக்கும் போனது.

இன்னொன்று, கிளிசரினை வெறுமனே ஊற்றினால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தனியாக ஒரு ஜக்கில் தண்ணீரோடு சேர்த்து, கலங்கிய கோடுகள் மறையும்வரை கலக்கிவிட்டுத்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும். அந்தக் கோடுகள் நெளிவதைப் பார்த்து, "சர்பத்துல சர்க்கரை கரையற மாதிரி இருக்கு" என்றான் ஒருவன்.

தண்ணீருக்கு மூன்று வகையை வைத்துப் பார்த்தோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கடைசியது பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. முதல் வாரத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதனால் சிலர் கேன் தண்ணீரே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். பலன் பின்னால் வருகிறது.

தண்ணீர் கெடாமலிருக்க டெட்டால் ஊற்றலாமே என்று ஓர் அம்மா யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், காதால் கேட்கும்வரை. டம்ளரில் ஒரு மூடி விட்டதும் தண்ணீர் வெள்ளை வெளேர் என்று ஆனது. குழந்தைகள் அதற்கு 'பனிமூட்டம்' என்று பெயர் வைத்துக் கைதட்டினார்கள்.

உள்ளே யார்

இரண்டாம் நாள் பொம்மை. கிறிஸ்துமஸ் மரமும் பனிமனிதனும் வேண்டும் என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்தால் அது மார்கழிச் சென்னை: கொலுப் பெட்டியிலிருந்து செட்டியார் பொம்மை, குடிலில் வைக்கும் ஆட்டிடையர், பிறந்தநாள் கேக் மேல் நின்ற பிளாஸ்டிக் டைனோசர், சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன ஈஃபில் கோபுரம், ஒரு பொம்மைக் கார்.

காரைக் கொண்டுவந்தவனுக்குப் பனியே வேண்டாம். அவன் செய்ய நினைத்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம். அவர்கள் வீட்டுக் கார் பேஸ்மென்ட்டில் முழுகியிருந்தது. அடுத்த மழைக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் ஊரே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவைத்ததும் அவனுக்கு நினைவிருந்தது. "பாட்டில் ஃபுல்லா தண்ணி, உள்ள கார். குலுக்கினா குப்பை சுத்தணும்," என்றான். ஸ்னோ குளோப் பட்டறையில் இதை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துப் பார்த்தேன். சேர்த்துக்கொள்வதில் எந்தக் கஷ்டமும் இல்லை. பிஸ்கட் கவரையும் பால் கவரையும் வெட்டிப் போட்டான். மற்றவர்களுக்குத் தொல்லை கொடுத்த மிதக்கும் குணம் அவனுக்கு வசதியாகப் போனது.

ஒட்டுவதற்கு முன் எல்லாப் பொம்மைகளும் ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறின. இந்த ஒரு படியைத்தான் வேறு யாராவது இதைச் செய்வதாக இருந்தால் முதலில் சொல்வேன். காலையில் செட்டியார் பொம்மையின் மீசை கரைந்திருந்தது, வேட்டியின் வெள்ளை தண்ணீரில் இறங்கியிருந்தது. கொலு பொம்மைகளுக்குப் பூசும் வண்ணம் பெரும்பாலும் தண்ணீர் தாங்காது. குடில் இடையர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். போட்டவுடனே உடம்பெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழி விட்டார், காலையில் அழுத்தினால் நகம் பதிந்தது. இரண்டும் கழிந்தன. செட்டியாரின் சொந்தக்காரி அழுதாள். ஊறவைக்காமல் பாட்டிலில் அடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அழுவதற்கு இது தேவலாம் என்பதை அவள் பாட்டிதான் சமாதானமாகச் சொன்னார். மீசையைத் திரும்ப வரைந்து செட்டியாரைக் கொலுவுக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் டைனோசர் கூட்டத்தில் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டாள்.

பாட்டிலுக்குள் வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. டைனோசர் குண்டாகிவிட்டது. ஜாம் பாட்டில் உருளை வடிவம். தண்ணீர் நிரம்பியதும் அது பக்கவாட்டில் மட்டும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஆகிறது, உயரம் மாறுவதில்லை. ஒல்லியான பொம்மைதான் இதற்குச் சரி. ஈஃபில் கோபுரம் மட்டும் கோயில் கோபுரம் அளவுக்கு அகன்று நின்றது, அதன் சொந்தக்காரனுக்கு அதில் பெருமை.

மூடி என்கிற தலைவலி

பட்டறையின் வெற்றி தோல்வி மூடியில்தான் இருந்தது. குழந்தைகளுக்கு இதில் சுவாரசியம் குறைவு என்பதாலும், பசைகள் தோலுக்கு ஆகாதவை என்பதாலும், இந்தப் பகுதியைப் பெரியவர்களே செய்தோம். எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் அன்று மோட்டார் பார்க்க வந்தவர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, மூடிய மட்டும் நம்பாதீங்க. பாட்டில் வாயில இருக்கற மரை மேல டேப் சுத்தி மூடுங்க. மூடற பக்கமே சுத்தணும், எதிர்ப்பக்கம் சுத்துனா மூடும்போது உரிஞ்சு வந்துரும்," என்று சொல்லித் தன் பையிலிருந்து வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்துக் கொடுத்தார். எந்தக் கைவினைக் குறிப்பிலும் நான் பார்த்திராத யோசனை. கசிவில் முக்கால்வாசியை அதுதான் நிறுத்தியது.

பசைகளையும் முன்கூட்டியே மூடித் துண்டுகளில் ஒட்டித் தண்ணீரில் போட்டிருந்தோம். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை ஒரே ராத்திரியில் வெளுத்து, கொழகொழவென்று கழன்றது. நொடியில் ஒட்டும் பசை முதலில் கெட்டியாக இருந்து, பிறகு லேசாகத் தட்டியதும் உடைந்தது. குளூ கன் பசை கரையவில்லை, ஆனால் வழவழப்பான மூடியிலிருந்து அப்படியே தகடாக உரிந்து வந்தது. நின்றது எம்-சீல் என்ற இரண்டு மாவைப் பிசைந்து ஒட்டும் பசை மட்டும்தான். இரண்டு மாவையும் ஒரே நிறமாகும்வரை கையுறை போட்டுப் பிசைந்து, மூடியின் நடுவில் சின்ன மேடாக வைத்தோம். குழந்தைகள் ஐஸ்குச்சியால் அதில் பள்ளம் பறித்துப் பொம்மையை நிறுத்தினார்கள், கை படாமல். ஒரு முழு நாள் காயவிட்டோம். மழைக் காற்றில் எல்லாமே மெதுவாகத்தான் இறுகியது.

ஒட்டுவதற்கு முன் மூடியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது. அந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூடியின் உள்பக்கம் இருக்கும் பூச்சுதான் தகரத்தைத் துருவிலிருந்து காக்கிறது. தேய்த்த இடத்தில் அது போய்விடும். அதனால் தேய்த்த வட்டம் எவ்வளவோ அவ்வளவையும் எம்-சீல் மூட வேண்டும். மேடு சின்னதாக, தேய்த்த வட்டம் பெரிதாக இருந்த மூடிகளை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஊற்றும்போது விளிம்புவரை நிரப்பக் கூடாது. பொம்மை இறங்கும்போது அதன் அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும், காசு கொடுத்து வாங்கிய கிளிசரினோடு. முதலில் வெறும் தண்ணீரில் ஒருமுறை இறக்கிப் பார்த்து, வழிந்த அளவைக் குறித்துக்கொண்டால் போதும். ஒரு குமிழி மிச்சமிருப்பதில் தவறில்லை. 300 மி.லி. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஒன்றரை மி.லி. அளவுக்கு விரியும். அதற்குப் பாட்டிலில் இடம் வேண்டும்.

பொங்கலும் கத்திரியும்

பொங்கல் விடுமுறையில் எல்லாப் பாட்டிலையும் திரும்ப ஹாலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவை தெளிவாக இருந்தன. கேன் தண்ணீரில் ஒன்றிரண்டு லேசாக மங்கியிருந்தன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்த ஒன்றில் வெள்ளைத் திரள் மிதந்தது. தண்ணீர் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாட்டிலைக் கொதிநீரில் கழுவினார்களா, பொம்மையைத் தேய்த்தார்களா என்பதும் வீட்டுக்கு வீடு வேறு. கால் பங்கு கிளிசரின் நுண்ணுயிர்களைத் தடுக்கப் போதாது, அவற்றுக்கு அது சாப்பாடும்கூட. கெட்டியான கிளிசரினில்தான் அவற்றால் வளர முடியாது.

தேய்த்த வட்டம் வெளியே தெரிந்த மூடிகளிலிருந்து துரு இறங்கியிருந்தது. தண்ணீர் வெளிர் டீ நிறம். எல்லாவற்றையும்விட அதிகமாகத் துரு இறங்கியிருந்தது வெள்ளக் கார் பாட்டிலில். காரின் உடம்புக்கு ஒன்றுமில்லை, சக்கரங்களைக் கோக்கும் இரும்புக் கம்பிதான் துருவேறிப் பழுப்பு நிறத்தைக் கக்கியிருந்தது. தண்ணீரை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் ஆன்ட்டி, இப்பதான் வெள்ளத் தண்ணி கலர்ல இருக்கு," என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான்.

மே மாதத்தில் திரும்பப் பார்த்தபோது, மிச்சமிருந்தவற்றில் பனி வேகமாக விழுந்தது. இதைக் கண்டுபிடித்தது ரவைக்காரி. டிசம்பரில் நிமிடத்துக்கு மேல் சுற்றியது இப்போது சட்டென்று முடிந்துவிடுகிறது என்றாள். சரியாகத்தான் சொன்னாள். வெறும் தண்ணீரே 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் பிசுபிசுப்பில் கால் பங்கு குறைந்துவிடும். கிளிசரின் கலந்தால் சரிவு இன்னும் அதிகம். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக் குலுக்கிப் பார்க்கச் சொன்னேன். பனி திரும்ப டிசம்பருக்குப் போனது. அன்று மதியம் அந்த ஒரு ஃபிரிட்ஜில் காய்கறிக்கு இடமில்லை.

வெயிலைப் பற்றி இன்னொரு விஷயம். பெற்றோருக்கு இதைச் சீட்டில் எழுதியே கொடுத்தேன். தண்ணீர் நிரம்பிய கண்ணாடி பூதக்கண்ணாடியின் வேலையைச் செய்யும். ஜன்னலோரம் நேரடி வெயிலில் வைத்தால் பின்னாலிருக்கும் திரைச்சீலையோ காகிதமோ கருகலாம். 2008இல் அமெரிக்காவில் ஹால்மார்க் நிறுவனம் தன் பெரிய ஸ்னோ குளோப் ஒன்றை இந்தக் காரணத்துக்காகவே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. புத்தக அலமாரியின் நிழலான தட்டே போதும்.

கிளிசரின் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: மருந்துக் கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரநூலின் குறி) என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்க வேண்டும். கைக்குக் கிடைக்கிறதே என்று வண்டிக்கு ஊற்றும் கூலன்ட்டைப் பயன்படுத்தவே கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தித்திப்பான விஷம், பாட்டில் உடைந்தால் குழந்தையும் நக்கும், நாயும் நக்கும். அந்துருண்டையைப் பொடித்துப் பனியாக்கும் பழைய யோசனையும் அதே ரகம். ஆறு வயதுக்காரர்களுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று பிளாஸ்டிக் ஜாடி கொடுத்திருந்தோம். அவை கொஞ்சம் கசிந்தன, ஆனால் மாடிப்படியில் ஒன்று உருண்டபோது யாரும் பதறவில்லை.

திறந்து சரிசெய்தவை

மங்கிய பாட்டில்களைக் குப்பையில் போடாமல் மே மாதத்திலேயே திறந்தோம். டெஃப்லான் டேப் சுற்றியவை கையாலேயே திறந்தன. மூடியைச் சுற்றி ஒருவர் ஆர்வக்கோளாறில் எம்-சீல் பூசியிருந்தார், அந்தப் பாட்டிலை மட்டும் திறக்க வழியில்லை, அப்படியே விட்டோம். இனி வெளியே பூச்சு கிடையாது, டேப் மட்டும்தான் என்று முடிவாகிவிட்டது.

உள்ளேயிருந்த தண்ணீரை நேரே சிங்க்கில் ஊற்றவில்லை. பிளாஸ்டிக் ஜிகினா சிங்க்கின் சல்லடையில் நிற்காமல் கால்வாய்வரை போய்விடும் சமாச்சாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது இதனால்தான். அழிரப்பர் துருவலும் பிளாஸ்டிக்தான் என்பதைக் குழந்தைகளிடம் சொன்னபோது, துருவியின் சொந்தக்காரனுக்குக் கொஞ்சம் முகம் சுண்டியது. பழைய வேட்டியை நாலாக மடித்து வாளியின் வாயில் கட்டி, அதன் வழியாக ஒவ்வொரு பாட்டிலையும் வடித்தோம். துணியில் தங்கியதைக் காயவைத்து, ஜிகினாவும் அழிரப்பரும் பிரிக்க முடியாமல் கலந்திருந்ததை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு ஹால் அலமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்த அரையாண்டு விடுமுறைக்குப் பனி வாங்க வேண்டியதில்லை. மூடிகள் மட்டும் புதிதாக வேண்டும், அதுவும் தேய்க்கத் தேவையில்லாத பிளாஸ்டிக் மூடி கிடைத்தால் நல்லது. எந்த ஜாம் பாட்டிலுக்கு எந்த ஊறுகாய் மூடி பொருந்தும் என்று பிளம்பர் அண்ணனும் ஆறாம் வகுப்புப் பையனும் ஒரு சாக்குப்பை மூடியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.